காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கரகர’ சத்தமா? 2 லட்சம் கி.மீ. தாண்டிய டீசல் காரில் டைமிங் செயினை எப்போது மாற்றணும்?

கீழ்பென்னாத்தூரில் அதிகாலை 4 மணி. சென்னை ஏர்போர்ட் டிராப்புக்கு ஒரு டிசையர் டீசல் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 2013 மாடல். மீட்டரில் 2,40,000 கி.மீ. ராத்திரி முழுக்க வாசலில் நின்ற வண்டி. செல்ஃப் அடித்ததும் பானட்டுக்குள்ளிருந்து ‘கரகரகர’வென ஒரு சத்தம். தகர டப்பாவில் சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. எண்ணி மூன்று விநாடி, அப்புறம் அடங்கிவிடுகிறது. “டீசல் வண்டின்னா அப்படித்தான்” என்று டிரைவர் கியரைப் போட்டு செஞ்சி ரோட்டில் ஏறிவிடுகிறார்.

இந்த டிரைவர் கற்பனை. ஆனால் அந்தச் சத்தமும், “அப்படித்தான்” என்ற பதிலும் நிறைய பேருக்குத் தெரிந்தவை. உங்கள் அப்பாவின் பழைய ஸ்விஃப்ட்டிலோ, நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்க யோசிக்கும் எர்டிகாவிலோ அது கேட்கலாம். அப்போது செய்ய வேண்டியது ஒரு வேலைதான். தள்ளிப்போட்டால் இன்ஜினே கைவிட்டுப் போகலாம்.

திருவண்ணாமலை - திண்டிவனம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் கீழ்பென்னாத்தூர். செஞ்சி வழியாக ரயில் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி, கல்யாணம், ஏர்போர்ட் எதுவானாலும் பஸ், இல்லையென்றால் கார். ஏர்போர்ட் போய்வந்தாலே 300 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். இப்படி ஓடும் வண்டிக்கு 2 லட்சம் கி.மீ. என்பது பெரிய வயசே இல்லை.

அந்தச் செயினுக்கு என்ன வேலை?

இன்ஜினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுவது அதுதான். மேலே ஹெட்டில் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல் கூடத் தப்பக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதுதான் டைமிங் செயின்.

எல்லா டீசல் காரிலும் செயின் இருக்காது. ரெனோ டஸ்டர், ஃபோர்டு எக்கோஸ்போர்ட், பழைய இன்னோவா இவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட்டை இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்றணும் என்று கம்பெனி புத்தகத்திலேயே போட்டிருக்கும். ஹூண்டாய் வெர்னா, ஹோண்டா அமேஸ் டீசல்களிலும் மஹிந்திராவின் எம்-ஹாக் இன்ஜினிலும் செயின். செயினுக்குப் பொதுவாக இப்படி ஒரு கெடு சொல்ல மாட்டார்கள். ‘லைஃப் டைம்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. யாருடைய லைஃப் என்று கேட்டால் யாரிடமும் தெளிவான பதில் கிடையாது.

தமிழ்நாட்டு ரோடுகளில் இந்தக் கேள்வி அதிகமாக எழுவது ஒரு குறிப்பிட்ட இன்ஜினைச் சுற்றி. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட், 1,248 சிசி. 2003-ல் ஐரோப்பாவில் அறிமுகமானது. 2007-ல் ‘டிடிஐஎஸ்’ என்ற பெயரில் மாருதி ஸ்விஃப்ட்டில் இங்கே வந்தது. அப்புறம் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என்று வரிசையாக ஏறியது. டாடா இதையே ‘குவாட்ராஜெட்’ என்று சொல்லி இண்டிகா விஸ்டாவிலும் மான்ஸாவிலும் வைத்தது. ஃபியட் புன்ட்டோ, லீனியாவிலும் இதுதான். ஆட்டோ பத்திரிகைகள் ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று பட்டமே கொடுத்தன. சின்ன இன்ஜின், நல்ல மைலேஜ், கெட்டியான பெயர்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. அதாவது இன்று ரோட்டில் ஓடும் எந்த மாருதி டீசல் காரும் இளசு கிடையாது. ஆனால் டெல்லியைப் போல 10 வருஷ டீசல் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. சொந்த வண்டியை 15 வருஷம் ஓட்டலாம், அதன் பிறகும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். இன்ஜின் ஒழுங்காக இருந்தால் 2013 மாடலுக்கு இன்னும் பல வருஷ வாழ்க்கை பாக்கி. அந்த ‘இருந்தால்’ என்ற வார்த்தையில்தான் செயின் வருகிறது.

செயின் நீளுமா?

“செயின் நீண்டுபோச்சு ணா” என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். ரப்பர் மாதிரி இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்ன பின் இருக்கிறது. அது உட்காரும் ஓட்டையும் பின்னும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் நூறில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணிக்கு அதுவே ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். செயின் அந்த அளவுக்குத் தொளதொளப்பாகிறது. கேம் ஷாஃப்ட்டும் கொஞ்சம் லேட்டாகத் திரும்புகிறது.

எவ்வளவு உரசல் என்று ஒரு தோராயக் கணக்கு போடலாம். 2 லட்சம் கி.மீ.யைச் சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 5,000 மணி நேரம். சராசரியாக 1,800 ஆர்.பி.எம். என்று வைத்தால் கிராங்க் 54 கோடி தடவை சுற்றியிருக்கும். இத்தனைக்கும் செயின் தாங்குகிறது என்றால், ஆயில் ஒரு படலமாக நடுவில் நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்வதால்தான்.

டீசல் இன்ஜினில் பிரச்சினை அந்த ஆயிலில்தான் ஆரம்பிக்கிறது. எரியும் டீசல் கரித்தூளை உண்டாக்குகிறது, அதில் ஒரு பங்கு ஆயிலில் கலக்கிறது. புது ஆயில் ஊற்றி நூறு கி.மீ. ஓட்டினாலே கருப்பாகிவிடுவது இதனால்தான். (ஆகவே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து “கருப்பா இருக்கே” என்று பயப்பட ஒன்றுமில்லை, டீசலுக்கு அது சகஜம்.) நல்ல ஆயில் இந்தத் தூளைத் தனித்தனியாகப் பிரித்து மிதக்க வைக்கும். ஆயில் பழசாக ஆக அந்தச் சக்தி குறைகிறது. தூள் ஒன்றுசேர்ந்து, பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவில் நைஸ் உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

மாருதி டீசலுக்குக் கம்பெனி சொல்லும் ஆயில் கணக்கு 10,000 கி.மீ. வீட்டு உபயோக வண்டிக்கு அது ஒரு வருஷம். தினம் ஏர்போர்ட் ட்ரிப் அடிக்கும் வண்டிக்கு ஒரு மாசம் கொஞ்சம் கூட. “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை தள்ளினால் 20,000 ஆகிவிடும். கார்த்திகை தீபம், பௌர்ணமி என்று சீசன் வந்தால் இப்படித் தள்ளுவது ரொம்பச் சுலபம். வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் வாடகை போச்சு. டிரைவரைக் குறை சொல்வதும் சுலபம்தான், ஆனால் மாசத் தவணை கட்டுகிறவருக்கு அந்த ஒரு நாள் சின்ன விஷயம் இல்லை.

அளவும் முக்கியம். இந்த இன்ஜினில் மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான். பழைய வண்டி ஒரு லிட்டரைக் குடித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு காலி.

மீட்டர் காட்டாத கிலோமீட்டர்

பௌர்ணமி ராத்திரி. பார்ட்டி 14 கி.மீ. கிரிவலம் சுற்றி வரும்வரை வண்டி பார்க்கிங்கில் நிற்கிறது. புழுக்கம் தாங்காமல் ஏ.சி.யைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார் டிரைவர். ஐந்து மணி நேரம். ஐடிலில் 800 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் 2,40,000 சுற்று. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 2,000 ஆர்.பி.எம். ஓடும் வண்டி இதே சுற்றை முடிக்க 160 கி.மீ. போகணும். அதாவது நின்ற இடத்திலேயே செயின் கிட்டத்தட்ட ஏர்போர்ட் வரை ஒரு தடவை போய்விட்டது. மீட்டர் ஒரு கி.மீ. கூட நகரவில்லை. டாக்சியாக ஓடிய வண்டியின் செயினை மீட்டரை மட்டும் பார்த்து எடை போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சத்தம் ஏன் காலையில் மட்டும்?

தொளதொளத்த செயினை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று இருக்கிறது. சின்ன பிஸ்டன். இன்ஜின் ஆயில் பிரஷர்தான் அதைத் தள்ளும். அது தள்ளும் கைடு, செயினை அழுத்திப் பிடிக்கும். வண்டி ராத்திரி முழுக்க நின்றால் பிரஷர் போய்விடும், ஆயிலும் கீழே வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்து ஆயில் மேலே ஏறும்வரை செயினைப் பிடிக்க ஆளில்லை. அது கைடிலும் கவரிலும் அடித்துக்கொள்கிறது. அதுதான் அந்த மூன்று விநாடி. ஆயில் வந்ததும் டென்ஷனர் பிடித்துவிடும், சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதால் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

டென்ஷனருக்கும் ஒரு எல்லை உண்டு. செயின் தேயத் தேய அது இன்னும் வெளியே நீள வேண்டியிருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் நீள முடியாது. அப்போது சத்தம் சூடான இன்ஜினிலும் வரும், ஆக்சிலரேட்டரை விடும்போது வரும். சிலருக்கு செக் இன்ஜின் லைட் எரியும். ஸ்கேனர் போட்டால் பி0016 என்ற கோடு காட்டலாம். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். சென்சார் கெட்டாலும், வயர் கெட்டாலும் இதே கோடு வரும். ஆகவே கோடை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சத்தம், கோடு, ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, இழுவை குறைவது எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

கரகர சத்தமெல்லாம் செயின் கிடையாது. இன்ஜெக்டர் அடிக்கும், ஆல்டர்னேட்டர் பேரிங் கத்தும், கிளட்ச் பக்கம் ஃப்ளைவீல் ஆடும். பழைய மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரியேதான். இந்த இன்ஜினில் செயின் இருப்பது டிரைவர் பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி. சத்தம் அங்கே தூக்கலாகவும் கியர்பாக்ஸ் பக்கம் குறைவாகவும் இருந்தால் கை செயினை நோக்கித்தான் நீளும்.

ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியில் 3 லட்சம் தாண்டியும் செயின் சத்தமில்லாமல் ஓடும். ஒன்றரை லட்சத்திலேயே கரகரப்பதும் உண்டு. அதனால் ‘இத்தனை கி.மீ.யில் மாற்றணும்’ என்று ஒரு நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

விட்டால் என்ன ஆகும்?

டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. செயின் அறுந்தாலோ சில பல் தாவினாலோ, மூட வேண்டிய வால்வு திறந்தே நிற்கும். மேலே வரும் பிஸ்டன் அதில் இடிக்கும். வால்வு வளையும், ராக்கர் உடையும். மோசமாக இருந்தால் பிஸ்டனும் அடிபடும். வண்டி ஓடும்போது நடந்தால் இன்ஜின் சட்டென்று நிற்கும். பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கில் பூஸ்டர் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிஞ்சும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ராத்திரி நேரத்தில், பின்னால் லாரி வரும்போது நடந்தால் என்ன என்று யோசித்தால் ரிப்பேர் செலவு இரண்டாவது கவலைதான்.

செயின் தளர்ந்திருக்கும் என்று சந்தேகம் இருக்கும்போது வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். டென்ஷனரில் ஆயில் இல்லாத நேரத்தில் சக்கரம் இன்ஜினை வெடுக்கென்று இழுத்தால் பல் தாவ வாய்ப்பு அதிகம். மேட்டில் வெறும் கியரை மட்டும் நம்பி நிறுத்துவதும் வேண்டாம். வண்டி பின்னால் உருண்டு இன்ஜின் தலைகீழாகத் திரும்பினால் அதே ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள்.

“அம்பாசடர்ல செயின் சத்தத்தோடவே பத்து வருஷம் ஓட்டினோம் தம்பி” என்று யாராவது பெரியவர் சொன்னால் அது பொய் இல்லை. அம்பாசடரின் பழைய இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கிலேயே இருந்தது. செயின் குட்டையானது. மேலே ஹெட் வரை ஏறி இறங்கும் இன்றைய நீளமான செயினுக்கு அந்த அனுபவம் பொருந்தாது.

பட்டறையில் என்ன செய்வார்கள்?

டிரைவர் பக்க முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுப்பார்கள். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்க மவுண்டிங்கைக் கழற்றுவார்கள். பெல்ட் வெளியே வரும். அடுத்து கிராங்க் புல்லி. இந்த இன்ஜினில் அதன் போல்ட் இடது மரை. அதாவது வழக்கத்துக்கு நேர்மாறாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பார். “இதுக்கு முன்னாடி இந்த இன்ஜின் பிரிச்சிருக்கீங்களா ணா?” என்று கேட்டுவிட்டு, புல்லி போல்ட்டைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். பதிலிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஆயில் சேம்பரை இறக்க வேண்டும். முன்பக்க டைமிங் கவர் அதோடு ஒட்டியிருக்கிறது. ஆயில் பம்பும் இந்தக் கவரிலேயே உட்கார்ந்திருப்பதால், திறந்த கையோடு அதன் தேய்மானத்தையும் பார்த்துவிடலாம். சேம்பரின் அடியில் பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் கைடு உடைந்திருக்கிறது. அந்தத் துண்டு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால், புதுச் செயின் போட்டும் ஆயில் வராது.

பழைய செயினை எடுப்பதற்கு முன் கிராங்க்கையும் கேமையும் சரியான இடத்தில் நிறுத்தி, பின் போட்டு லாக் செய்ய வேண்டும். இதற்கென்றே லாக்கிங் டூல் செட் உண்டு. சிலர் வைட்னரால் கோடு போட்டுக்கொண்டு, அதைப் பார்த்தே மாட்டுவார்கள். பழைய செயின் ஏற்கெனவே தேய்ந்து, டைமிங் தள்ளிப்போயிருக்கிறது. அந்த நிலையில் போட்ட கோடு அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் காப்பி அடிக்கும். டூல் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

புதுசு மாட்டியதும் கையாலேயே இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, லாக்கிங் பின் மறுபடியும் தன் இடத்தில் சுலபமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டே நிமிஷ வேலை. செல்ஃப் அடித்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தால் அதற்குள் வால்வு வளைந்திருக்கும். பிறகு கவருக்கு சீலன்ட் போட்டு, அது காயும்வரை காத்திருந்து, புது ஆயிலும் ஃபில்டரும். அவசரப்படாமல் செய்தால் இரண்டு நாள் ஆகலாம்.

மூன்று பட்டறையில் கேட்டால் மூன்று ரேட் சொல்வார்கள். ரொம்பக் குறைவாகச் சொல்கிறவர் பெரும்பாலும் செயினை மட்டும் மாற்றுவதாகச் சொல்லியிருப்பார். செயின், டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே செட்டாக மாற்றுவதுதான் முறை. பழைய பல்சக்கரத்தின் தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். இந்த வேலையில் பெரிய பங்கு கூலிதான். பொருளில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய், அதே கூலியை ஒரு வருஷத்தில் இரண்டாவது தடவை கொடுப்பது யாருக்கும் லாபம் இல்லை. டூப்ளிகேட் கிட்டும் மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. டப்பாவைப் பிரிக்காமல் உங்கள் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளை வீட்டுக்கு எடுத்துப்போவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும்.

செலவு கசக்கிறதா? சொகுசு கார்க்காரர்கள் இதைவிடப் பட்டவர்கள். பிஎம்டபிள்யூவின் என்47 என்ற 2 லிட்டர் டீசல் 2007-ல் வந்தது. செயின் தகராறுக்கு உலகம் முழுக்கப் பேர் போன இன்ஜின். அதில் செயின் இருப்பது கியர்பாக்ஸ் பக்கம். மாற்றணும் என்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்கியாக வேண்டும். முன்பக்கம் ஒரு சக்கரத்தைக் கழற்றினால் கை எட்டுகிற டிசையர்காரர் அந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறீர்களா?

டீலர் சொல்லும் கி.மீ.யை அப்படியே நம்ப வேண்டாம், மீட்டரைக் குறைப்பது இன்றும் நடக்கிறது. சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கி.மீ.யும் இருக்கும். இரண்டு ஆயில் சர்வீசுக்கு நடுவில் 10,000 இருக்கிறதா, 25,000 இருக்கிறதா என்று பார்த்தால் போதும், செயினின் கதை அதிலேயே இருக்கிறது. மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்பதும் ஆர்.சி. விவரத்தில் தெரிந்துவிடும்.

செயின் மாற்றாத 2 லட்சம் கி.மீ. வண்டி என்றால், அந்த வேலைக்கான தொகையை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, பேரத்தில் அதைக் கழியுங்கள். ஏற்கெனவே மாற்றியாச்சு என்று சொன்னால் பில் எங்கே என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். போனதும் முதல் வேலையாக பானட்டில் கை வையுங்கள். ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, டிரைவர் பக்கச் சக்கரத்தோரம் நின்று கேளுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் பண்ணி அந்த மூன்று விநாடியைக் கேட்டுவிட்டார்கள். “நாளைக்கு வரேன் ணா, வண்டியை எடுக்காம வைங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.